ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பந்தல்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்கள், "இன்னாதான் ஆச்சி, சொல்லு." சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. நுரையீரல் இப்போதுதான் ஒரு வழிக்கு வந்திருக்கிறது, பேசியே அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதி வைக்கிறேன். இனிமேல் வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

நான் கள்ளிக்குப்பத்துக்காரி. அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் தணிகாசலம், பயிர் வைத்த குடும்பம். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, மிச்சமிருந்த துண்டில் நாங்கள் வாடகைக்கு வீடு கட்டி விட்டிருக்கிறோம். எங்கள் சொந்தபந்தம் பாடியில் தொடங்கி பூந்தமல்லி வரைக்கும் பரந்து கிடக்கிறது. இந்தக் கூட்டத்துக்குள் ஒரு சட்டம் உண்டு. கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னிப்போம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது வந்து எட்டிப் பார்க்காதவனை மன்னிக்கவே மாட்டோம். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிக்காட்டுவோம். இந்த விஷயத்தில் நான்தான் முதல் ஆள். யாருக்குக் குடலிறக்கம் என்றாலும், யாருக்குக் கால் எலும்பு முறிந்தது என்றாலும், பிஸ்கட் பாக்கெட்டும் சாத்துக்குடியுமாக முதலில் போய் நிற்பேன்.

இப்படிப்பட்டவள் பெற்ற பெண்தான் கவிதா. வேலப்பன்சாவடியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குத் தொற்றுக் கட்டுப்பாடு என்று பெயர். ஒரு நோயாளியிடம் இருக்கும் கிருமி இன்னொரு நோயாளிக்குப் போய்விடாமல் ஆஸ்பத்திரியைக் காவல் காப்பது. பெரிய டாக்டராக இருந்தாலும் "சார், கை கழுவினீங்களா?" என்று கேட்டு நிறுத்துவாள். வீட்டிலும் அதே கதைதான். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய கையோடு நான் முறுக்கு டப்பாவைத் திறந்தேனோ தொலைந்தேன்.

மறுபடியும் ஒரு அலை வரும், இந்த முறை ஏதோ புதுக் காய்ச்சலாம் என்று பேச்சு கிளம்பியபோது, அதற்கு ஆஸ்பத்திரியைத் தயார் செய்யும் பொறுப்பில் பெரும்பகுதி அவள் தலையில் விழுந்தது. போன தடவை அவள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். முகத்தில் மாஸ்க் அழுத்திய தழும்போடு வந்து, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் தரையிலேயே சுருண்டு கிடப்பாள். "அப்ப நோய் நம்மளத் தொரத்துச்சி மா. இந்த தபா நாம முன்னாடி போய் நிக்கணும்" என்பாள்.

என்னென்ன செய்தார்கள் என்று சாப்பிடும்போது சொல்வாள். பின்பக்கம் தனியாக இருந்த கட்டடத்தைக் காலி செய்து, காய்ச்சல் வார்டாக மாற்றினார்கள். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டுக்கும் ஆக்சிஜன் குழாய் இழுத்தார்கள். உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் அந்த முறை முடியும்வரை மற்ற வார்டுகளுக்குப் போகக்கூடாது. மற்ற வார்டுகளில் நடமாடுகிறவர்கள் உள்ளே நுழையக்கூடாது. மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒருவரை நோயாளி போலப் படுக்கவைத்து ஒத்திகை வேறு. அந்த மனுஷன் இருமிய இருமலில் நிஜமான டாக்டரே பயந்து ஓடிவந்தாராம்.

இதிலெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. அந்த வார்டுக்குள் நோயாளியின் ஆட்கள் யாரும் போகக்கூடாது. கூட ஒரு ஆள் இல்லாமல் நம் ஊரில் யார் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள்? மீட்டிங்கில் ஒரு டாக்டர், "கதவைப் பூட்டிட்டா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றாராம். இவள் எழுந்து, "சார், எங்கம்மாவ உங்களுக்குத் தெரியாது. வாசல மூடினா சமையக்கட்டு வழியா வருவாங்க. அவங்களுக்கு ஆளப் பாக்கணும், அவ்ளோதான். நாமளே காட்டிட்டா போயிடுவாங்க" என்றிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். மீட்டிங் நடுவில் என் மானத்தை வாங்கியவளை நான் அன்றைக்கு நன்றாக ஏசினேன்.

சிரித்தாலும் அவள் சொன்னதைச் செய்தார்கள். வார்டு வாசலுக்கு எதிரே, வண்டி நிறுத்தும் இடத்தில் ஷாமியானா பந்தல். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெரிய டிவி. முற்பகலில் உள்ளே இருக்கும் நர்ஸ் போனைப் பிடித்து ஒவ்வொரு நோயாளியாகக் காட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் பந்தலில் இருந்தே பார்க்கலாம், பேசலாம்.

அந்தப் பந்தலுக்கு முதல் கிராக்கி நான்தான் என்று யார் கண்டது!

ஆவடியில் சொந்தக்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். போய்ப் பார்க்காமல் இருப்பேனா? போய்விட்டு வந்தேன். இரண்டொரு நாளில் எனக்குக் காய்ச்சல் அனல் பறந்தது, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. அப்புறம் வறட்டு இருமல். கழிவறைக்குப் போய்வந்தால் மாடிப்படி ஏறியதுபோல மூச்சு இரைத்தது. கவிதா என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது தொண்ணூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் ஒரு குச்சியை விட்டார்கள். அது மூளையைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அடுத்து ஸ்கேன். டாக்டர் படத்தைக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலில் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி அங்கங்கே வெள்ளைத் திட்டு. "நிமோனியாம்மா. எந்தக் கிருமின்னு ரிசல்ட் வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் புதுக் காய்ச்சல்னு வெச்சுக்கிட்டுதான் பாப்போம்" என்றார். சக்கர நாற்காலி புது வார்டுப் பக்கம் திரும்பியது.

வாசலில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். கவிதா அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"இன்னாடி நின்னுட்ட? கூட வா."

"நான் வரமாட்டேன் மா. டயாலிசிஸ், பிரசவ வார்டு, எல்லாத்துக்கும் தெனம் போய் வரேன். நான் உள்ள வந்துட்டு அங்க போனா அதுங்களுக்கு இன்னா கதி?"

"நீ போட்ட சட்டம்தானே? உனக்குக்கூடவா?"

"எனக்குத்தான் மொதல்ல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மூச்சு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே விசிறி சத்தம் இரைந்துகொண்டே இருக்கும். வார்டுக் காற்று வாசல் வழியாக வெளியே போய்விடாமல், வடிகட்டி வேறு பக்கமாக வெளியேற்றும் இயந்திரம் அது. நர்ஸ்கள் எல்லாரும் தலை முதல் கால் வரை மூடியிருந்ததால் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நெஞ்சில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதுவும் கவிதா சொல்லிச் செய்ததாம். என்னைப் பார்த்துக்கொண்டவள் ஜெபா, நாகர்கோவில் பெண். "சிஸ்டருக்க அம்மையா நீங்க? எங்கள அவ்வளவு விரட்டுவாவ, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே தலை வாரிவிட்டாள். முதல் பார்வை நேரத்தில் பவுடர் பூசி, பொட்டு வைத்து, டிவியில் வருகிறவள் மாதிரி கையாட்டினேன். போன் திரையில் தெரிந்த பந்தலில் கொழுந்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே கூட்டம். என் வீட்டுக்காரர் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் வீட்டில் வைத்த ரசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, கொடுக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. ரசம் வைக்கத் தெரியாத மனுஷன் அவர்.

அதற்கடுத்த நாள் நிலைமை மோசமானது. சாதாரண ஆக்சிஜன் போதவில்லை. மூக்கில் தடித்த குழாயை மாட்டினார்கள். சூடான ஈரக் காற்றோடு ஆக்சிஜன் வேகமாக அடிக்கும், புயலில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். டாக்டர் கட்டிலருகே குனிந்து, "குப்புறப் படுங்கம்மா. முதுகுப் பக்கம் நுரையீரல் விரிஞ்சு கொடுக்கும். எவ்வளவு நேரம் தாங்குறீங்களோ அவ்வளவு நல்லது. இது கேட்டுட்டா தொண்டையில ட்யூப் வேண்டாம்" என்றார். ட்யூப் என்றால் மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் குழாய் இறக்கி, இயந்திரமே மூச்சு விடுவது. அதில் போய் மீண்டவர்களையும் எனக்குத் தெரியும், மீளாதவர்களையும் தெரியும்.

பயந்தேன். எனக்கு என்ன வெட்கம், பயந்துதான் போனேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கவிதா கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். இருபதடி தூரத்தில், அந்தக் கதவுக்கு அப்பால்தான் நிற்பாள். வரமாட்டாள். பெற்ற மகள் இருந்தும் அநாதை மாதிரிக் கிடக்கிறோமே என்று கண்ணீர் வந்தது. மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று ஜெபா அதட்டினாள்.

இதே நேரத்தில் வெளியே நடந்த கூத்தைக் கேளுங்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் பூந்தமல்லி பஸ்ஸில் போயிருக்கிறார். நெடுஞ்சாலையில் இருந்து எட்டிப் பார்த்தால் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஷாமியானா. கீழே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எங்கள் ஆண்கள் தோளில் துண்டும் தொங்கிய தலையுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கன்னத்தில் கை வைத்திருக்கிறார். இதைப் பார்த்த தமிழன் என்ன நினைப்பான்? பஸ்ஸிலிருந்தபடியே ஊருக்குப் போன் போட்டுவிட்டார், டீச்சர் போய்விட்டது என்று.

கள்ளிக்குப்பத்தில் இருந்து ஆவடிக்குச் செய்தி பறந்தது. என் நாத்தனார் சரோஜா கையில் ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறாள். கேட்டிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு, "என்ன உட்டுட்டுப் போயிட்டியே அண்ணி!" என்று ஒப்பாரி. டீ குடிக்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்திருக்கிறார். சரியாக அதுதான் பார்வை நேரம். ஜெபா போனைத் திருப்பி என்னைக் காட்டுகிறாள். டிவியில் என்ன தெரியும்? குப்புறக் கிடக்கும் ஒரு உடம்பு, முதுகு மட்டும். அசைவில்லை.

எனக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் எல்லாம் போன் வழியாகக் கேட்டது. முதலில் ஒப்பாரி. பிறகு நாற்காலிகள் சாய்கிற சத்தம். பிறகு காலடிகள், எல்லாம் வார்டு வாசலை நோக்கி. காவலாளி ஏழுமலையின் குரல் கேட்டது. "மாமா, சொன்னா கேளு மாமா, உள்ள போவக்கூடாது." அவனை யாரோ தள்ளினார்கள். அடுத்து என் வீட்டுக்காரர் குரல். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. எதிரே வாசலை மறித்து நின்றவள் கவிதா.

"வழி உடுடி."

"நைனா, அம்மா நல்லாத்தான் கீது. குப்புறப் படுக்க வெச்சிருக்காங்க, அவ்ளோதான்."

"நீ பாத்தியா? உள்ள போய் உன் கண்ணால பாத்தியா?"

"இல்ல நைனா. நானும் உள்ள போவல."

"பெத்தவளப் போய் பாக்கல, நீயெல்லாம் ஒரு பொண்ணா? நவுருடி!"

பிறகு அவள் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் அவள் நகரவில்லை.

"நான் இன்னிக்கு உள்ள போனா, நாளைக்கு ஒருத்தரும் இந்தக் கதவ மதிக்க மாட்டாங்க நைனா. நீ இன்னா வேணா சொல்லிக்கோ. என்ன அடிச்சாலும் சரி, உடமாட்டேன்."

எனக்குள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் வயிற்றில் பிறந்தது இப்படி நிற்கிறதே என்று நெஞ்சு விம்மியது. சொந்தபந்தம் மொத்தமும் எதிரே, பெற்ற அப்பனே எதிரே, தனியாளாக நிற்கிறாள். பேசக் கூடாது, பேசினால் ஆக்சிஜன் இறங்கும் என்று ஜெபா கையால் ஜாடை காட்டினாள். போனை என் வாயருகே இழுத்தேன்.

"எவடி அவ... மாலையோட வந்தவ?"

"அண்ணி!" சரோஜா அலறினாள். "உயிரோடதான் கீறியா!"

"இன்னும் போவலடி. அந்த மாலைய... கேட்டாண்ட புள்ளையார் கீறாரு, அவருக்குப் போடு."

மூச்சு வாங்கியது. தலைமாட்டில் இயந்திரம் கத்த ஆரம்பித்தது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, அதைச் சொல்லாமல் விடுவதாக இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எம் பொண்ணத் தாண்டி... எவனாவது உள்ள கால வெச்சீங்க... அவன் ஊட்டு நல்லது கெட்டதுக்கு நான் வரமாட்டேன். புரிஞ்சுதா?"

புரிந்தது. என் வாயிலிருந்து அதைவிடப் பெரிய தண்டனை வராது என்று அவர்களுக்குத் தெரியும். காலடிச் சத்தங்கள் பின்வாங்கின. யாரோ சிரித்தார்கள், இன்னொருவர் சேர்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாராம். கவிதா பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்தபோது, "உன்ன இன்னான்னவோ சொல்லிட்டேனே நைனா" என்று, அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி அவளையே நைனா என்று கூப்பிட்டாராம்.

நான் பேசியதற்கு விலை கொடுத்தேன். ஆக்சிஜன் அளவு சரசரவென்று இறங்கி, டாக்டர் ஓடிவந்து, ஜெபா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அன்று முழுக்கக் குப்புறத்தான் கிடந்தேன். முழங்கை தேய்ந்தது, கழுத்து முறிந்துவிடும் போல வலித்தது. ஆனால் பயம் மட்டும் போய்விட்டது. கதவு பத்திரமாக இருக்கிறது, நான் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. பொழுது சாய்வதற்குள் அளவு மெல்ல ஏறியது. "ட்யூப் வேண்டாம்மா" என்றார் டாக்டர். ஜெபா எனக்கு முன்னால் அழுதுவிட்டாள், அந்தக் கண்ணாடிக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியாமல்.

மறுநாள் கவிதா போனில் வந்தாள். "பந்தல் போட்டா சாவு ஊடுன்னு நெனைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல மா. அவ்ளோ பெரிய மீட்டிங்ல ஒருத்தருக்கும் தோணல" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அதற்குள் ஷாமியானாவைப் பிரித்து அனுப்பியிருந்தாள். டிவியையும் நாற்காலிகளையும், சாலையில் இருந்து பார்த்தால் தெரியாத ஒரு ஹாலுக்கு மாற்றிவிட்டாள். குப்புறப் படுத்திருக்கும் நோயாளியின் படத்தைச் சுவரில் மாட்டி, இது வைத்தியம், இவர் உயிரோடு இருக்கிறார் என்று எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் டிவியைப் போட வேண்டும் என்று ஏற்பாடு. அன்றைக்குச் சிரித்த டாக்டர்கள், அடுத்த மீட்டிங்கில் அவளைத்தான் முதலில் பேசச் சொன்னார்களாம்.

எனக்கு வந்தது புதுக் கிருமி இல்லை, வழக்கமான ஃப்ளூதான் என்று பரிசோதனை முடிவு வந்தது. "சாதா காய்ச்சலுக்கா இவ்ளோ அமக்களம்?" என்று சரோஜா கேட்டாள். மாலை வாங்கியவள் பேசுகிற பேச்சா அது! நல்லவேளையாக நிஜமானது வருவதற்கு முன்னால் என்னை வைத்துப் பாடம் படித்துக்கொண்டார்கள். இதையும் நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, வேறு வாசல் வழியாக என்னை வெளியே கொண்டுவந்தார்கள். அங்கேயும் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கவிதா நின்றாள். கோட்டைத் தாண்டியதும் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "கை கழுவினியாடி?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

வண்டி கொண்டுவர என் வீட்டுக்காரர் போனார். கவிதாவை யாரோ கூப்பிட்டார்கள், வார்டு வாசலுக்குப் போனாள். நான் ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் வார்டுக்குள் ஒருவரைக் கொண்டுபோயிருந்தார்கள். முகப்பேரில் ஃப்ளாட்டில் இருக்கிறவர்களாம், கம்ப்யூட்டர் வேலை. அவர் மனைவி, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்க, ஏழுமலையிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அவர் தனியா இருப்பாரு, அஞ்சு நிமிஷம் விடுங்க. உங்க பெரியவங்க யாராவது வந்தா விடாம இருப்பீங்களா?"

ஏழுமலை குரலை உயர்த்தவில்லை. "அம்மா, அதோ நிக்குது பாருங்க, எங்க சிஸ்டர். அவங்க அம்மா உள்ள மூச்சுக்குப் போராடிகினு கெடந்தாங்க. அதுவே உள்ள போவல."

அந்தப் பெண் திரும்பி கவிதாவையே பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத மா. உள்ள தங்கமா பாத்துக்குவாங்க."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் உள்ள இருந்துதான் வரேன்" என்றேன். "அதோ நிக்கிறாளே, அவ எம் பொண்ணு."